கொடிக்குக் கூலி

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு பழைய சித்திரத்தின் நகல் மாட்டியிருக்கிறது. திருவல்லிக்கேணியில் ஒரு நடைபாதைக் கடையில், அட்டை போன புத்தகங்களோடு புத்தகமாகக் கிடந்தது. பேரம் பேசி வாங்கி வந்து கண்ணாடி போட்டேன். படத்துக்குக் கொடுத்ததைவிடச் சட்டத்துக்குக் கொடுத்ததுதான் அதிகம். அது வேறு விஷயம். கும்பெனியார் காலத்துச் சென்னப்பட்டினம். கோட்டை, கோட்டைக்கு முன்னால் கடல், கடலில் மூன்று கப்பல்கள், கரைக்கும் கப்பலுக்கும் நடுவே அலையில் எம்பிக் குதிக்கும் மசூலாப் படகுகள்.

என் தங்கை பிள்ளை அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். லீவில் வந்திருந்தவன் காபியும் கையுமாக அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான். பிறகு, "ஏன் மாமா, அந்தக் காலத்திலேயே அமெரிக்கக் கப்பல் சென்னைக்கு வந்துவிட்டதா?" என்று கேட்டான்.

கேள்வியில் நியாயம் இருந்தது. நடுக் கப்பலின் பின்புறத்தில் பறக்கிற கொடியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் அமெரிக்காதான் ஞாபகம் வரும். கிட்டே போய்ப் பார்த்தால்தான் மேல் மூலையில் நட்சத்திரங்கள் இல்லை, ஆங்கிலேயரின் சிலுவைக் குறி இருக்கிறது என்பது தெரியும். அது சாட்சாத் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கொடி. 1707-ல் இங்கிலாந்தும் ஸ்காத்லாந்தும் ஒரே ராஜ்யமாக ஆகும்வரை அந்த மூலையில் செஞ்சிலுவை மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு தேசத்துச் சிலுவைகளும் சேர்ந்து உட்கார்ந்தன. பட்டைகளின் எண்ணிக்கைக்கு மட்டும் கணக்கு வழக்கே கிடையாது. ஒரு படத்தில் ஒன்பது, இன்னொன்றில் பதின்மூன்று. சித்திரக்காரன் கையில் இருந்த சாயத்தைப் பொறுத்தது போலிருக்கிறது.

பையனுக்குப் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அமெரிக்கர்களுக்கு அவர்களுடைய முதல் கொடி எப்படி வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். கதை எழுதுகிறவனுக்கு இது ஒரு வியாதி. எழுத வேண்டிய அத்தியாயத்தை மேஜைமேல் போட்டுவிட்டு, எழுத வேண்டாததையெல்லாம் படித்துக் கொண்டிருப்பான். அப்படிப் படித்ததில் எனக்கு ஓர் ஆள் அகப்பட்டார். அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை. அவரிடம் வந்து சேர்வதற்குக் கொஞ்சம் சுற்று வழியாகப் போக வேண்டும்.

1775-ஆம் வருஷம். அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்களும் இங்கிலாந்து அரசரோடு சண்டையை ஆரம்பித்துவிட்டன. பிலடெல்பியா நகரத்தில் அவர்களுடைய காங்கிரஸ் மகாசபை உட்கார்ந்திருந்தது. துறைமுகத்தில் 'ஆல்பிரட்' என்ற கப்பலைப் போருக்குத் தயார் செய்தார்கள். அந்தக் கப்பலுக்கு ஒரு கொடி வேண்டியிருந்தது. அந்த ஊரில் மார்கரெட் மானி என்று ஒரு பெண்மணி. தொப்பியும் துணியும் தைத்து விற்கிறவள். கொடி தைத்ததற்காகக் கடைக் கணக்குப் புத்தகத்தில் அவள் பெயரும் துணிக் கணக்கும் பதிந்திருக்கின்றன. டிசம்பர் 3-ஆம் தேதி அந்தக் கொடியை ஏற்றினார்கள். பின்னால் கடற்படை வீரராகப் பெரும் பெயர் எடுத்த ஜான் பால் ஜோன்ஸ், தம் கையாலேயே அதை ஏற்றியதாகச் சொல்லிக் கொண்டார்.

அந்தக் கொடி எப்படி இருந்தது? சிவப்பும் வெள்ளையுமாகப் பதின்மூன்று பட்டை. மேல் மூலையில் ஆங்கிலேயரின் சிலுவைக் குறி. அதாவது, எங்கள் வீட்டுச் சுவரில் பறக்கிறதே, அதே கொடி!

இது எப்படி நேர்ந்தது என்பதில் பண்டிதர்களுக்குள் சண்டை இருக்கிறது. சர் சார்லஸ் ஃபாசெட் என்ற ஆங்கிலேயர் 1937-ல் ஒரு கட்டுரை எழுதி, கம்பெனிக் கொடியைப் பார்த்துத்தான் அமெரிக்கக் கொடி பிறந்திருக்க வேண்டும் என்று வாதாடினார். இல்லவே இல்லை, கம்பெனியார் அந்தக் கொடியைக் கீழ்க் கடல்களில்தான் பறக்கவிடலாம் என்று உத்தரவு இருந்தது, அமெரிக்கக் கரைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். செங்கொடியில் நாலு வெள்ளை நாடாவைத் தைத்துவிட்டால் யாருக்கும் இந்தக் கொடி கிடைத்துவிடும், யாரையும் காப்பியடிக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் கட்சி. எனக்கு இரண்டாவது கட்சிதான் சரியென்று படுகிறது. ஆனாலும் ஒன்றை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கவிழ்த்தார்களே, அது யார் சரக்கு? இதே கம்பெனியாரின் சரக்கு. தேயிலையைக் கடலில் எறிந்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்து அவர்கள் கொடியைப் போலவே ஒன்றைத் தைத்து ஏற்றிக் கொண்டார்கள்.

சண்டைக்காரன் கொடியில் எதிராளியின் அடையாளம் ஏன் இருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். தகப்பனாரோடு பாகப் பிரிவினை வழக்கு நடத்துகிற பிள்ளை, வாசல் பலகையில் தகப்பனார் பெயரை மட்டும் எடுக்காமல் வைத்திருப்பதில்லையா? அப்படித்தான். அரசரின் மந்திரிகளோடுதான் எங்களுக்குச் சண்டை, அரசரோடு இல்லை என்று பலர் அப்போது இன்னும் நம்பிக் கொண்டிருந்தார்கள். இதனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1776 ஜனவரி முதல் தேதி, பாஸ்டனுக்கு வெளியே ஒரு குன்றின்மேல் வாஷிங்டன் கொடி ஏற்றினார். அரசருடைய பிரசங்கத்தின் அச்சுப் பிரதி அப்போதுதான் அங்கே வந்து சேர்ந்திருந்தது. நகரத்துக்குள் முற்றுகையில் இருந்த ஆங்கிலேயர்கள் குன்றின்மேல் தங்கள் சிலுவைக் குறியைப் பார்த்துவிட்டு, "ஆஹா, பிரசங்கத்தைக் கேட்டுப் பயல்கள் பணிந்துவிட்டார்கள்!" என்று குதூகலப்பட்டார்களாம். வாஷிங்டன் நாலாந்தேதி நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லிக் கேலி செய்கிறார்.

அந்த வருஷம் ஜூலையில் சுதந்திரப் பிரகடனம் வந்தது. தகப்பனாரோடு உறவு தீர்ந்தது. ஆனால் வாசல் பலகையை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. பதினொரு மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தது.

மாற்றுவதற்கு யார் தூண்டினார்கள் என்று பார்த்தால் அதுவும் ஓர் ஆச்சரியம். 1777 ஜூன் 3-ஆம் தேதி, தாமஸ் கிரீன் என்ற பெயருடைய ஒரு பூர்வகுடிக்காரரிடமிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. தங்கள் தலைவர்கள் காங்கிரஸ் மகாசபையைப் பார்க்க வர நினைக்கிறார்கள். வழியில் யாரும் துன்புறுத்தாமல் இருக்க அமெரிக்க ராஜ்யத்தின் கொடி ஒன்று கொடுத்தால் தேவலை என்று கேட்டிருந்தார். சும்மா கேட்கவில்லை. கொடிக்கு ஆகிற செலவுக்காகச் சிப்பிமணி கோத்த சரம் மூன்றையும் கூடவே அனுப்பியிருந்தார். அவர்களிடையே அதற்கு மதிப்பு உண்டு. குடியேறியவர்களும் காசு போல அதை வாங்கிக் கொடுத்தவர்கள்தாம். அந்த மண்ணின் பழைய சொந்தக்காரர் ஒருவர், புதிதாக வந்தவர்களின் கொடிக்குக் கைக்காசு கொடுத்துக் கேட்டிருக்கிறார்! கொடி என்று கொடுக்க மகாசபையிடம் ஒன்றும் இல்லை.

பதினோராவது நாள், ஜூன் 14, மகாசபையில் கடற்படைச் சில்லறை விவகாரங்களுக்கு நடுவே ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஒரே ஒரு வாக்கியம். கொடியில் சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறிப் பதின்மூன்று பட்டை இருக்கும். மூலையில் நீலக் களத்தில் பதின்மூன்று வெள்ளை நட்சத்திரம், வானத்தில் ஒரு புதிய நட்சத்திரக் கூட்டத்தைக் குறிப்பதாக இருக்கும். அவ்வளவுதான். அதற்கு முன்னால் விவாதம் நடந்ததாகக் குறிப்பு இல்லை. பின்னால் யாரும் கை தட்டியதாகவும் இல்லை. அடுத்தபடியாக ஜான் பால் ஜோன்ஸுக்கு ஒரு கப்பலின் தலைமையைக் கொடுக்கும் காரியத்துக்குப் போய்விட்டார்கள். பத்திரிகைகளில் செய்தி வருவதற்கே இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

நட்சத்திரங்களை வட்டமாக வைப்பதா, வரிசையாக வைப்பதா? ஒவ்வொன்றுக்கும் எத்தனை முனை? நீளம் என்ன, அகலம் என்ன? தீர்மானம் வாயைத் திறக்கவில்லை. தையல்காரர்கள் அவரவர் இஷ்டம் போல் தைத்தார்கள். மறு வருஷம் பிரான்ஸில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினும் ஜான் ஆடம்ஸும் நேபிள்ஸ் ராஜ்யத்துத் தூதருக்குத் தங்கள் கொடியை வர்ணித்து எழுதும்போது, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று நிறத்தில் பட்டை இருக்கும் என்று எழுதினார்கள். மகாசபையின் சொந்தத் தூதர்கள்! 1779 மே மாதத்தில் யுத்த இலாகாவைச் சேர்ந்த ரிச்சர்ட் பீட்டர்ஸ் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதம் இதையும் தூக்கி அடிக்கிறது. ஐக்கிய நாடுகளின் பட்டாளக் கொடி எது என்று இன்னும் முடிவாகவில்லை என்கிறார். எண்ணிக்கைத் தகராறும் பின்னால் வந்தது. 1795 முதல் பதினைந்து பட்டை, பதினைந்து நட்சத்திரம். இப்படியே ராஜ்யங்கள் சேரச் சேரப் பட்டையும் சேர்த்தால் கொடி பாயாகிவிடும் என்று கண்டு, 1818-ல் பழையபடி பதின்மூன்று பட்டைக்கே திரும்பினார்கள். நட்சத்திரங்களை எப்படி அடுக்குவது என்பதற்கு ஜனாதிபதி டாஃப்டின் உத்தரவு 1912-ல்தான் வந்தது.

இப்படிப் பிறந்த நாளைக்கூடச் சரியாகக் கவனிக்காத குழந்தைக்குப் பிற்காலத்தில் பிரமாதமான ஜாதகம் எழுதினார்கள். அமெரிக்காவில் பள்ளிக்கூடம் போன எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்: முதல் கொடியைத் தைத்தது பெட்ஸி ராஸ். இளம் விதவை. மெத்தை, திரைச்சீலை தைத்துப் பிழைக்கிறவள். 1776-ல் ஒரு நாள் வாஷிங்டனே இரண்டு கனவான்களோடு அவள் கடைக்குள் வருகிறார். ஆறுமுனை நட்சத்திரம் வரைந்த படத்தைக் காட்டுகிறார். அவள், "ஐந்து முனையானால் சுலபம்" என்று சொல்லிக் காகிதத்தை மடித்து, கத்தரிக்கோலால் ஒரே வெட்டு வெட்டிப் பிரித்துக் காட்டுகிறாள். நட்சத்திரம்!

நான் இருபது வருஷத்துக்கு மேலாகக் கதை எழுதுகிறேன். அந்த ஒரே வெட்டுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றுகிறேன். எப்பேர்ப்பட்ட கட்டம்! ஒரு தேசம், ஒரு விதவை, ஒரு சேனாதிபதி, ஒரு கத்தரிக்கோல். இதைவிட நன்றாக எவனாலும் அமைக்க முடியாது. ஆனால் 1776-ல் கொடிக்காக மகாசபை கமிட்டி ஏதும் அமைத்ததாகக் குறிப்பு இல்லை. இந்தக் கதை ஊருக்குத் தெரிந்தது 1870-ல். வில்லியம் கான்பி என்ற அவளுடைய பேரன், பென்சில்வேனியா சரித்திரச் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். பாட்டி சொல்லக் கேட்டது, பெரியம்மாவும் மற்ற உறவினரும் சொல்லக் கேட்டது என்று. பாட்டி காலமானது 1836-ல். அப்போது பேரனுக்கு வயது பதினொன்று. பாட்டி கதை சொல்லியிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்தப் பாட்டிதான் சொல்லவில்லை?

பெட்ஸி ராஸ் கொடி தைத்தவள் என்பதென்னவோ நிஜம். 1777 மே 29-ஆம் தேதி பென்சில்வேனியாவின் கடற்படையார், கப்பல் கொடிகள் தைத்ததற்காக எலிசபெத் ராஸுக்கு 14 பவுன் 12 ஷில்லிங் 2 பென்ஸ் கொடுத்த கணக்கு இருக்கிறது. தைத்தாள், கேட்டாள், வாங்கினாள். அந்த மட்டில் அவள் புண்ணியவதி.

இனிமேல் நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன்.

பிரான்சிஸ் ஹாப்கின்சன். 1737-ல் பிலடெல்பியாவில் பிறந்தவர். வக்கீல். சுதந்திரப் பிரகடனத்தில் நியூ ஜெர்ஸியின் சார்பில் கையெழுத்துப் போட்டவர். பாட்டெழுதுவார், மெட்டமைப்பார், ஹார்ப்சிகார்டு வாசிப்பார், படம் வரைவார், நையாண்டி எழுதுவார். ஆள் குள்ளம், தலை ஒரு பெரிய ஆப்பிள் பழத்தைவிடப் பெரிதில்லை என்று ஜான் ஆடம்ஸ் தம் மனைவிக்கு எழுதுகிறார். அந்த ஆப்பிளுக்குள் என்னென்னவோ இருந்தது. சண்டை மூளுவதற்கு முன்னமேயே, 1774-ல், பழைய பண்ணைக்காரப் பிரபு, அவர் பிள்ளைகள், பிள்ளைகள் போய்த் திருத்திய புதுப் பண்ணை என்று அந்தத் தகராறையே ஒரு குடும்பக் கதையாக எழுதியவர் இவர். மேலே நான் சொன்ன பாகப் பிரிவினை உவமை எனக்கு இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே அவருக்குத் தோன்றிவிட்டது. 1778 ஜனவரியில் அமெரிக்கர்கள் வெடிமருந்து அடைத்த பீப்பாய்களை ஆற்றில் மிதக்கவிட, ஆங்கிலேயர்கள் பதறிப் போய் மிதந்து வந்த கட்டையையெல்லாம் சுட்டுத் தள்ளினார்கள். இவர் அதை வைத்து ஒரு பாட்டுக் கட்டினார். ஊரே பாடிச் சிரித்தது.

தீர்மானம் வந்த சமயத்தில் அவர் கடற்படைக் குழுவின் மூன்று அங்கத்தினர்களில் ஒருவர். புதுக் கொடி வரைவதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. கொடி மட்டுமில்லை, காகித நோட்டுகளுக்குச் சித்திரம், இலாகாக்களுக்கு முத்திரை என்று கூப்பிட்டபோதெல்லாம் வரைந்து கொடுத்தார். அவர் 1778-ஆம் வருஷத்து ஐம்பது டாலர் நோட்டுக்காக வரைந்தது, முடிக்காமல் விட்ட பதின்மூன்று படிப் பிரமிடு. அதன் சாயலை இன்றைக்கு ஒரு டாலர் நோட்டின் பின்புறத்தில் பார்க்கலாம்.

மூன்று வருஷம் பேசாமல் இருந்தார். 1780 மே 25-ஆம் தேதி கடற்படை நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கொடி முதற்கொண்டு தாம் வரைந்து கொடுத்ததை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, இதற்கெல்லாம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. சர்க்கார் கிடங்கில் இருக்கும் மதுவில் ஒரு கால் பீப்பாய் கொடுத்தால் அது முறையான, நியாயமான சன்மானமாக இருக்காதா என்று விசாரித்திருந்தார்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அந்த மனிதர்மேல் சகோதர வாஞ்சை உண்டாகிவிட்டது. நான் மது குடிக்கிறவன் அல்ல. ஆனால் அந்தக் கேட்கிற விதம் இருக்கிறதே, அது எழுத்தாளர் ஜாதிக்கே உரியது. பணம் என்று சொல்ல நாக்குக் கூசும். கேலி மாதிரியும் இருக்க வேண்டும், கிடைத்தால் நிஜமாகவும் வேண்டும்.

எனக்கும் இந்த அனுபவம் உண்டு. ஒரு ஸ்தாபனத்தார் தங்கள் பொன்விழாவுக்கு நாடகம் வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை திருத்தியும் கொடுத்தேன். விழா முடிந்து நாலு மாதம் கழித்து, ஒத்திகைக்குப் போய் வந்த வண்டிச் சத்தமாவது கிடைக்குமா என்று சிரித்துக் கொண்டே கேட்டேன். காரியதரிசியும் சிரித்துக் கொண்டே, "ரசீது வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். நான் ஏறிப் போன ஆட்டோக்காரர்கள் யாரும் ரசீது எழுதிக் கொடுக்கிற வழக்கமில்லை. பிறகு ஒரு நாள் அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். என் மனைவி அதைத் தையல் மெஷினுக்கு உறை போட்டிருக்கிறாள்.

ஹாப்கின்சனுக்கும் இதே ரசீதுதான் வந்தது. மது விண்ணப்பம் மகாசபைக்குப் போய், மகாசபையிலிருந்து கஜானா இலாகாவுக்குப் போயிற்று. மதுவெல்லாம் முடியாது, முறைப்படி கணக்கு எழுதிக் கொடு என்று ஆயிற்று. அவரும் கோபித்துக் கொண்டு சரியாகவே எழுதினார். கொடிக்கு 9 பவுன். இன்ன முத்திரைக்கு இவ்வளவு, இன்ன நோட்டுக்கு இவ்வளவு. அப்போது காகிதப் பணம் ஏகமாய் மதிப்பிழந்து, அறுபதுக்கு ஒன்று என்று இறங்கியிருந்தது. ஆகையால் காகிதக் கணக்கில் மொத்தம் 2,700 பவுன் வந்தது. அந்தத் தொகையைக் கண்டே பாதிப் பேர் மிரண்டிருப்பார்கள். கணக்குப் பார்க்கிறவர்கள், கேட்டது நியாயம், கொடுக்கலாம் என்று எழுதினார்கள். மேலே இருந்தவர்கள், ஆதாரச் சீட்டு எங்கே என்றார்கள். ஒரு கொடியை மனத்தில் கண்டதற்கு யாரிடம் போய்ச் சீட்டு வாங்குவது? வாய்ச் சண்டை வலுத்தது. அவரோ அப்போது கஜானாவுக்குப் பக்கத்து அறையில்தான் உத்தியோகம். சர்க்கார் கடன் பத்திரங்களின் பொக்கிஷதாரர். தினமும் முகத்தில் விழித்தாக வேண்டும்.

அக்டோபரில் கஜானா இலாகா இரண்டு காரணம் சொல்லி முடித்துவிட்டது. முதலாவது, இந்தக் காரியங்களில் யோசனை சொன்னவர் இவர் ஒருவர் மட்டுமில்லை. இரண்டாவது, நல்ல சம்பளம் வாங்குகிற கனவான்களிடம் இம்மாதிரிச் சின்ன உபகாரங்களை எதிர்பார்க்கப் பொதுமக்களுக்குப் பாத்தியதை உண்டு. கவனியுங்கள்: நீர் கொடியை வரையவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. 1781 ஜூலையில் ஹாப்கின்சன் அந்த உத்தியோகத்தை ராஜினாமாச் செய்தார். ஆகஸ்ட் 23-ஆம் தேதி மகாசபை, இந்த விஷயத்தில் இனி நடவடிக்கை வேண்டாம் என்று கட்டை மூடியது.

அவர் வரைந்த கொடிப்படம் ஒன்றுகூட இன்று இல்லை. முத்திரைகளுக்கு அவர் போட்ட சித்திரங்கள்தான் இருக்கின்றன. எல்லாம் போய், அந்தப் பில் இருக்கிறது. அந்தக் காலத்து மனிதர்களில், கொடியை நான் அமைத்தேன் என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்தவர் அவர் ஒருவர்தான். அதையும் கூலி கேட்டதால் எழுதினார். கேட்காமல் பெருந்தன்மையாக இருந்திருந்தால் நமக்கு அவர் பெயரே தெரிந்திராது. ஆனாலும் ஜனங்கள் கத்தரிக்கோலைத்தான் நம்புகிறார்கள். 1890-களில் சார்லஸ் வைஸ்கெர்பர் என்ற சித்திரக்காரர், பெட்ஸி ராஸ் மடியில் கொடியோடு உட்கார்ந்திருக்க வாஷிங்டன் பார்த்துக் கொண்டிருப்பது போல் பிரம்மாண்டமான ஒரு படம் எழுதினார். அவள் வீட்டைக் காப்பாற்ற நாடெங்கும் ஆளுக்குப் பத்து சென்ட் வசூல் செய்தார்கள். பிலடெல்பியாவில் ஆர்ச் வீதியில் அந்த வீட்டைக் காட்டுகிறார்கள்; என் மருமான் போய்ப் பார்த்திருக்கிறான். பில்லைப் பார்க்க யார் வரிசையில் நிற்பார்கள்?

ஹாப்கின்சன் மனமொடிந்து போகவில்லை. பிற்பாடு நீதிபதியாக இருந்தார், 1791-ல் காலமானார். அதற்கு மூன்று வருஷம் முன்னால், தாமே எழுதி மெட்டமைத்த பாட்டுகளை ஒரு புத்தகமாகப் போட்டு, வாஷிங்டனுக்குச் சமர்ப்பணம் செய்தார். சங்கீதம் இயற்றிய முதல் அமெரிக்கன் என்ற பெயராவது எனக்கு மிஞ்சும் என்று சமர்ப்பணத்தில் குறிப்பிட்டிருந்தார். இந்தத் தடவை பில் எதுவும் அனுப்பவில்லை. வாஷிங்டன் மிகவும் சந்தோஷமாகப் பதில் எழுதினார். தமக்கு அந்தப் பாட்டுகளில் ஒன்றையாவது பாடவும் வராது, எந்த வாத்தியத்திலும் ஒரு ஸ்வரத்தைக்கூட எழுப்பவும் தெரியாது என்று.